‘புதுக் குடியேறிகள்’ என்று எழுதி அடித்த இடம்

கேள்வி இது: “ஆஸ்திரேலியாவே கைதிகள் உண்டாக்கிய நாடுதானே? அப்படியானால் கைதிகள் ஒரு பக்கம், சுதந்திரமாக வந்த குடியேறிகள் ஒரு பக்கம் என்று இரண்டு சாதி மாதிரி வாழ்ந்தார்களா? கைதியாகப் போனவன் எப்படி நிலச்சுவான்தார் ஆனான்?”

இரண்டு சாதி இருந்தது உண்மைதான். ஆனால் கோடு நீங்கள் நினைக்கிற இடத்தில் ஓடவில்லை. தண்டனை முடிந்து சொத்து சேர்த்துவிட்ட பழைய கைதிக்கும், வாழ்நாளில் ஒருதடவைகூடக் கைதியாக இல்லாதவனுக்கும் நடுவில்தான் அது ஓடியது. அதுவும் முதல் நாளே போட்ட கோடு இல்லை. இருபது முப்பது வருடத்தில் மெல்ல மெல்லப் போட்டார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் காலனியை மட்டும் வைத்துச் சொல்கிறேன். டாஸ்மேனியாவின் கதை கொஞ்சம் வேறு, மேற்கு ஆஸ்திரேலியாவின் கதை முழுக்கவே வேறு.

நான் இருப்பது சிட்னிக்கு மேற்கே, டூங்காபி பக்கம். பக்கத்தில் ஹாரிஸ் பார்க் என்று ஒரு ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே விக்ரம் தெருவில் தோசைக்கும் சாட்டுக்கும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ வடபழனி என்று தோன்றும். சாப்பிட்டுவிட்டு ஐந்தாறு நிமிடம் நடந்தால் ரூஸ் தெரு. அங்கே ‘எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம்’ என்ற பெயரோடு ஒரு பழைய வீடு. அதிலிருந்து இன்னொரு பத்து நிமிடத்தில் ‘எலிசபெத் ஃபார்ம்’. முதலாவது நிலம் ஒரு கைதிக்குக் கிடைத்தது. இரண்டாவது ஒரு ராணுவ அதிகாரியுடையது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பத்து நிமிட நடையிலேயே இருக்கிறது.

முதலில் பின்னணி. பிரிட்டன் தன் கைதிகளைப் பல காலமாக அமெரிக்கக் காலனிகளுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 50,000 பேர். 1775-ல் அமெரிக்கப் போர் தொடங்கியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. சிறைகள் நிரம்பின, தேம்ஸ் நதியிலும் துறைமுகங்களிலும் பழைய கப்பல்களை நிறுத்தி, பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, அதற்குள் ஆட்களை அடைத்தார்கள். பத்து வருடம் இப்படி ஓட்டியபிறகுதான் கேப்டன் ஜேம்ஸ் குக் 1770-ல் பார்த்துவிட்டு வந்த ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை நினைவுக்கு வந்தது. 1787 மே 13 அன்று 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பின. 1788 ஜனவரி 26 அன்று, கவர்னர் ஆர்தர் பிலிப் தலைமையில், சிட்னி கோவ் என்ற சின்னக் குடாவில் கொடி ஏற்றினார்கள். வந்து இறங்கிய கைதிகள் ஏறக்குறைய 750 பேர். பெரும்பாலும் திருட்டு வழக்குகள். நிறையப் பேருக்கு முதலில் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு நாடு கடத்தலாகக் குறைத்திருந்தார்கள்.

நம்மூரில் இதற்குத் ‘தீவாந்தர சிட்சை’ என்றே பெயர் இருந்தது. 1802-ல் மருது பாண்டியர் குடும்பத்துத் துரைச்சாமி உள்ளிட்டவர்களைப் பினாங்குக்கு அனுப்பினார்களே, அதே பேரரசின் அதே பழக்கம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சிட்னிக்குப் போனவனுக்குத் தண்டனை முடிந்தால் நிலம் கொடுக்கச் சொல்லி உத்தரவு இருந்தது. பிலிப் கையில் இருந்த அரசாணைப்படி, விடுதலையான ஆணுக்கு 30 ஏக்கர். கல்யாணம் ஆகியிருந்தால் கூடுதலாக 20. ஒவ்வொரு பிள்ளைக்கும் 10. இதைத் தயாள குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு.

சரி, ஜேம்ஸ் ரூஸ் கதைக்கு வருகிறேன். கார்ன்வால்காரர். 1782-ல் ஒரு வீட்டில் புகுந்து இரண்டு கடிகாரம் திருடியதற்குத் தூக்கு. அது ஏழு வருட நாடு கடத்தலாகக் குறைந்தது. சில வருடம் பிளிமத்தில் மிதக்கும் சிறையில் கிடந்துவிட்டு முதல் கப்பல் கூட்டத்தோடு சிட்னி வந்தார். 1789-ல் “என் ஏழு வருடம் முடிந்துவிட்டது, என்னை விடுங்கள்” என்று கேட்கிறார். விட முடியவில்லை. யாருக்கு எத்தனை வருடம் என்ற ஆவணத்தையே லண்டனிலிருந்து யாரும் எடுத்துவரவில்லை! ஆட்களை அனுப்பியாயிற்று, கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை இரண்டு வருடம்.

பிலிப் புத்திசாலி. அந்த ஆள் விவசாயம் தெரிந்தவர், சோம்பேறி இல்லை என்று பார்த்துவிட்டு, 1789 நவம்பரில் ரோஸ் ஹில்லில் (இன்றைய பரமட்டா) ஒன்றரை ஏக்கர் காட்டை வெட்டிக் கொடுத்து, ஒரு குடிசையும் போட்டுத் தந்தார். விதை, கருவிகள், இரண்டு பெண் பன்றி, ஆறு கோழி. ஒரு ஆள் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. பண்ணையின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். கலப்பை கிடையாது, மண்வெட்டிதான். வெட்டிய மரங்களை எரித்து, அந்தச் சாம்பலை மண்ணில் கொத்திச் சேர்த்தார். புல்லைப் பிரட்டி மண்ணுக்குள் அமுக்கி, காற்றும் வெயிலும் படட்டும் என்று ஆறப்போட்டு, விதைப்பதற்கு முன் இன்னொரு தடவை பிரட்டினார். ஆழக் கொத்தாமல் மேலாகக் கீறிவிட்டு விதைத்த அரசுப் பண்ணை வேலையைவிட இது எவ்வளவோ மேல். 1791 பிப்ரவரியில் “இனி எனக்கு அரசு ரேஷன் வேண்டாம்” என்று சொன்னார். 30 ஏக்கர் அவர் பெயருக்கு வந்தது.

அந்த வார்த்தை அன்றைக்கு எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய வருடத்தைப் பார்க்க வேண்டும். 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. கிடங்கில் மாவு தீர்ந்துகொண்டே வந்தது. பிலிப் தன் சொந்த மாவையும் பொதுக் கிடங்கில் போட்டுவிட்டார். கவர்னர் மாளிகையில் விருந்து என்றால் விருந்தாளி தன் ரொட்டியைத் தானே கையில் கொண்டுபோக வேண்டும். கைதிக்கும் காவலுக்கு வந்த சிப்பாய்க்கும் ஒரே அளவு ரேஷன். சாராயம் மட்டும்தான் சிப்பாய்க்குத் தனியாக. அதற்கே சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள்.

இந்தக் கலங்கல் சட்டத்திலும் இருந்தது. எனக்கு மிகப் பிடித்த சாட்சி ஹென்றி கேபிள், சூசன்னா ஹோம்ஸ் வழக்கு. இருவரும் நாரிச் சிறையில் சந்தித்துக்கொண்ட கைதிகள். அங்கேயே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. சூசன்னாவைக் கப்பலுக்கு அனுப்பியபோது, குழந்தைக்கு உத்தரவு இல்லை என்று ஏற்ற மறுத்துவிட்டார்கள். கூட்டிப்போன சிறை ஊழியர் ஜான் சிம்ப்சன், பால்குடிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கோச்சு வண்டியில் லண்டன் போய், அமைச்சர் சிட்னி பிரபுவை நேரில் பார்த்து உத்தரவு வாங்கினார். கதை பத்திரிகையில் வந்தது. ஜனங்கள் 20 பவுண்டு வசூலித்து, துணிமணியெல்லாம் வாங்கி ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். அந்த மூட்டை வழியில் காணாமல் போய்விட்டது.

1788 ஜூலையில், அந்த மூட்டைக்காக, இந்த இரண்டு கைதிகளும் அலெக்சாண்டர் கப்பலின் கேப்டன் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் காலனியின் முதல் சிவில் வழக்கே இதுதான். இங்கிலாந்தின் சட்டப்படி மரண தண்டனைக் கைதி சட்டத்தின் கண்ணில் செத்தவன். வழக்கே போட முடியாது. கேப்டன் வாயைத் திறந்து “இவர்கள் கைதிகள்” என்று நிரூபித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். மனுவில் அவர்களை எப்படிக் குறிப்பிடுவது என்று எழுதியவருக்கே குழப்பம். ‘இவ்விடத்தின் புதுக் குடியேறிகள்’ என்று எழுதி, பிறகு ‘புதுக் குடியேறிகள்’ என்பதை அடித்திருக்கிறார். அடித்த இடத்தில் வேறு சொல் போடவில்லை. ‘கைதிகள்’ என்று எழுதினால் வழக்கு நிற்காது. ‘குடியேறிகள்’ என்று எழுதினால் பொய். அந்தக் காலிடத்தோடேயே வழக்கு நடந்து, 15 பவுண்டு நஷ்டஈடு தீர்ப்பானது. அந்த ஊரின் முதல் முப்பது வருடத்துக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. ஹென்றி கேபிள் பிறகு தலைமைக் கான்ஸ்டபிள் ஆனார், கப்பல் வியாபாரி ஆனார். திருட்டு வழக்கில் வந்தவர் ஊர்க்காவலுக்குத் தலைவர்!

இப்போது அந்தப் பத்து நிமிட நடையின் மறுமுனை. 1792 டிசம்பரில் பிலிப் ஊர் திரும்பினார். பொறுப்புக்கு வந்த மேஜர் குரோஸ், தன் படைப்பிரிவின் அதிகாரிகளுக்கு நிலத்தை அள்ளிக் கொடுத்தார். நிலத்தோடு உழைக்க ஆளும். ஒரு அதிகாரிக்கு விவசாயத்துக்குப் பத்து கைதிகள், அவர்களுக்குச் சோறு அரசுக் கிடங்கிலிருந்து. இதைவிட லாபமான விவசாயம் உலகத்தில் உண்டா? ஜான் மெக்கார்தர் 1793-ல் 100 ஏக்கர் வாங்கி, மனைவி பெயரில் எலிசபெத் ஃபார்ம் வீட்டைக் கட்டினார். அதே வருடம் ரூஸ் தன் 30 ஏக்கரை 40 பவுண்டுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அதே படைப்பிரிவின் டாக்டர் ஜான் ஹாரிஸ். தோசைக் கடைகள் இருக்கும் ஊருக்கு வந்திருப்பது இந்த ஹாரிஸின் பெயர்தான். முதலில் உழுதவர் பெயர் அந்த ஊருக்கு வரவில்லை.

“சுதந்திரமாக வந்த குடியேறிகள் எங்கே?” என்று கேட்பீர்கள். 1793 ஜனவரியில்தான் பெலோனா கப்பலில் முதல் சில குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு ‘லிபர்ட்டி ப்ளெய்ன்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். மண் மோசம். அதற்குப் பிறகும் பல வருடம் சொந்தச் செலவில் வந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதனால் விவசாயி, கடைக்காரர், படகுக்காரர், கொத்தனார், சாராயக்கடை முதலாளி என்று யாரைத் தொட்டாலும் பழைய கைதிதான்.

தண்டனையில் இருந்தவர்கள்கூட சங்கிலியில் கிடந்தார்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். அது தப்பு செய்தவர்களுக்கும் பிற்காலத்துக்கும் உரிய காட்சி. ஆரம்பத்தில் சிறைச்சுவருக்கே அவசியம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. அரசு வேலை பிற்பகலில் முடிந்துவிடும். அப்புறம் கூலிக்கு வேலை செய்து, ‘ராக்ஸ்’ என்ற பாறை மேட்டில் வாடகைக் குடிசைக்குப் பணம் கட்ட வேண்டும். 1819-ல் ஹைட் பார்க் பாரக்ஸ் கட்டி, தூளிப் படுக்கை கட்டி 600 பேரை உள்ளே தங்கவைத்தபோது கைதிகளுக்கு வந்த பெரிய கோபமே அந்தச் சாயங்காலச் சம்பாத்தியம் போயிற்றே என்பதுதான். அதற்காக ஏதோ சுகவாசம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1790-ல் வந்த இரண்டாவது கப்பல் கூட்டத்தில் ஏறிய சுமார் ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் வழியிலேயே செத்தார்கள். ஒப்பந்ததாரர்கள் அடிமை வியாபாரத்தில் பழகியவர்கள். ஏற்றிய தலைக்குத்தான் அவர்களுக்குக் காசு, உயிரோடு இறக்கிய தலைக்கு இல்லை. டூங்காபி அரசுப் பண்ணையும் பெயர் கெட்ட இடம். 1804 மார்ச்சில் காஸில் ஹில்லில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தபோது, சமாதானம் பேசக் கூப்பிட்டுவிட்டுத் தலைவனைப் பிடித்தவர் மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். அதே ஜான்ஸ்டனின் வீட்டுக்காரி எஸ்தர் ஏப்ரகாம்ஸ், முதல் கப்பல் கூட்டத்தில் கைதியாக வந்தவள். நான்கு வருடம் கழித்து, 1808 ஜனவரி 26 அன்று, கவர்னர் ப்ளையைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்தவரும் இதே ஜான்ஸ்டன்தான், பின்னால் மெக்கார்தர். யார் குற்றவாளி, யார் சட்டத்தின் ஆள் என்று இங்கே தலை சுற்றும்.

இந்தக் கலவையைத் தெரிந்தே கொள்கையாக்கியவர் 1810-ல் பொறுப்பேற்ற கவர்னர் மக்குவாரி. தண்டனை முடிந்தவனைப் பழையபடி மனிதனாக நடத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். துணி திருடி வந்த ஆண்ட்ரூ தாம்சனை மாஜிஸ்ட்ரேட் ஆக்கினார். அப்புறம் சிமியன் லார்டையும். கப்பற்படைக் கலகத்தில் தண்டனை பெற்ற வில்லியம் ரெட்ஃபெர்ன் குடும்ப டாக்டர். கள்ளப் பத்திரம் தயாரித்த ஃபிரான்சிஸ் கிரீன்வே அரசுக் கட்டடக் கலைஞர். மேலே சொன்ன பாரக்ஸ் அவர் வேலைதான். 1966-ல் வந்த ஆஸ்திரேலியப் பத்து டாலர் நோட்டில் இந்தக் கிரீன்வே படத்தையே போட்டார்கள். கள்ளக் கையெழுத்துக்காரரைப் பணத்தாளில் போட்ட நாடு வேறு இருக்குமா என்று தெரியவில்லை! இன்றைய இருபது டாலர் நோட்டில் இருக்கும் மேரி ரெய்பியும், சின்னப் பெண்ணாக ஆண் வேஷத்தில் குதிரை திருடி மாட்டிக்கொண்டு வந்து, பெரிய வியாபாரி ஆனவள்.

பணம் என்றதும் நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி. காலனியில் சில்லறைத் தட்டுப்பாடு. 1812 நவம்பரில் 40,000 ஸ்பானிஷ் வெள்ளி டாலர்கள் சமராங் என்ற கப்பலில் வந்தன. எங்கிருந்து? மெட்ராஸிலிருந்து. அப்படியே விட்டால் வியாபாரிகள் வெளியே கொண்டுபோய்விடுவார்கள் என்று, ஒவ்வொரு நாணயத்தின் நடுவையும் துளைத்து எடுத்து, வளையம் ஐந்து ஷில்லிங், நடு வில்லை பதினைந்து பென்ஸ் என்று இரண்டு நாணயமாக்கினார்கள். துளைக்கிற வேலையை ஒப்படைத்தது வில்லியம் ஹென்ஷலிடம்; கள்ள நாணய வழக்கில் நாடு கடத்தப்பட்டவர். கை தேர்ந்த ஆள் வேறு யார் கிடைப்பார்?

கோடு விழுந்தது இங்கேதான். பழைய கைதிகளுக்கு ‘எமான்சிபிஸ்ட்’ என்று பெயர். தாங்கள் சுத்தம் என்று ஒதுங்கியவர்கள் ‘எக்ஸ்க்ளூசிவ்’. பாதிரியார் மார்ஸ்டன், தாம்சனோடும் லார்டோடும் ஒரே கமிட்டியில் உட்கார மாட்டேன் என்றார். 46-ஆம் படைப்பிரிவு அதிகாரிகள் பழைய கைதிகளோடு ஒரே மேஜையில் சாப்பிட மறுத்தார்கள். பந்தி பிரிப்பது என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, இந்தத் தீட்டு ஏழைக் கைதியிடம் தெரியவில்லை. அவன் வீட்டு வேலைக்கு வேண்டும், வயலுக்கு வேண்டும். சொத்து சேர்த்துச் சமமாக உட்கார வந்தவனிடம்தான் தெரிந்தது.

நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது. கவர்னர் கொடுத்த மன்னிப்பு முழு மன்னிப்பே இல்லை என்று 1819-ல் லண்டன் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் சிட்னியில் எட்வர்ட் ஈகர் என்ற பழைய கைதி, நீதிபதி ஃபீல்ட் மேலேயே வழக்குப் போட்டார். “இவர் தண்டனை பெற்றவர், வழக்குப் போட உரிமை இல்லை” என்பதே நீதிபதியின் எதிர்வாதம். 1788-ல் யாரும் வாய் திறந்து நிரூபிக்காத அதே வாதம், முப்பத்திரண்டு வருடம் கழித்து. பழைய கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவோடு ஈகரும் ரெட்ஃபெர்னும் லண்டன் போனார்கள். 1823 சட்டம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஜூரியில் உட்கார 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் நிலத்தில் தோற்றுவிட்டார்கள். மக்குவாரி செலவாளி, கைதிகளுக்கு இடம் கொடுக்கிறார் என்ற புகாரில் லண்டன் அனுப்பிய ஆணையர் பிக், 1822–23-ல் தந்த அறிக்கைகளில், கையில் பண முதலோடு வருகிறவர்களுக்குப் பெரிய நிலமும் கைதி உழைப்பும் கொடுங்கள் என்றார். 30 ஏக்கர் காலம் முடிந்தது. 1831-க்குப் பிறகு இலவச நிலமே இல்லை. ஏக்கர் குறைந்தது ஐந்து ஷில்லிங், ஏலம். 1828 கணக்கெடுப்பில் காலனியின் ஐரோப்பிய ஜனத்தொகை சுமார் 36,500. அதில் தண்டனையில் இருந்தவர்கள் பாதிக்குக் குறைவு. அவர்களில் பெரும்பாலோரைத் தனியார் பண்ணைகளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். முதலாளி தன் ஆளைத் தானே சவுக்கால் அடிக்கக் கூடாது, மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. மாஜிஸ்ட்ரேட் யார்? பக்கத்துப் பண்ணை முதலாளி. இன்றைக்கு உன் ஆளுக்கு நான் 50 அடி எழுதுகிறேன், நாளைக்கு என் ஆளுக்கு நீ.

‘ஸ்குவாட்டர்’ என்ற சொல் போன போக்கையும் பாருங்கள். முதலில் அது அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் குடிசை போட்டு, ஆடுமாடு திருடுகிற பழைய கைதியைக் குறித்த வசவு. 1830-களில் பெரிய மனிதர்களே ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஆக்கிரமித்தபோது, அதே சொல் கௌரவப் பட்டமாகிவிட்டது.

இதுவரை சொன்ன எல்லா ஏக்கரும் யாருடையது? சிட்னி கோவ் கடிகல் என்ற பழங்குடி மக்களுடையது, பரமட்டா பரமட்டகல் மக்களுடையது. ஊர்ப் பெயரே அவர்கள் தந்தது. 1789-ல் பெரியம்மை அவர்களை வாரிக்கொண்டு போனது. பெமுல்வுய் என்ற போராளி 1797-ல் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கினார். 1802-ல் சுட்டுக் கொன்றார்கள். இன்று எங்களுக்குப் பக்கத்துப் புறநகரின் பெயர் பெமுல்வுய். நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் கைதியும் குடியேறியும் ஒரே பக்கம்தான். ஆனால் தண்டனையைப் பங்குபோட்டுக்கொள்ளவில்லை. 1838 ஜூன் 10, மயால் கிரீக். குதிரையில் வந்த பன்னிரண்டு பேர் குறைந்தது 28 பழங்குடியினரைக் கட்டிக் கூட்டிப்போய் வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வந்தவர்களில் பதினோரு பேர் கைதிகள் அல்லது பழைய கைதிகள். பன்னிரண்டாவது ஆள் ஜான் ஃப்ளெமிங், சுதந்திரமாகப் பிறந்த நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளை, கூட்டத்துக்குத் தலைவன். முக்கியச் சாட்சி சொன்ன ஜார்ஜ் ஆண்டர்சனும் ஒரு கைதிதான். அந்தப் பண்ணையின் குடிசைக் காவலாள். முதல் ஜூரி பதினைந்து நிமிடத்தில் எல்லோரையும் விட்டுவிட்டது. இரண்டாவது விசாரணையில் ஏழு பேருக்குத் தூக்கு, டிசம்பர் 18. ஃப்ளெமிங் கடைசிவரை பிடிபடவே இல்லை.

நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகள் வருவது 1840-ல் நின்றது. அதுவரை சுமார் 80,000 பேர். மற்றக் காலனிகளையும் சேர்த்தால் 1868 வரை சுமார் 1,62,000. நின்றுபோனதற்குப் பிறகு, 1849-ல் மறுபடியும் ஹாஷெமி என்ற கைதிக் கப்பல் சிட்னிக்கு வந்தபோது மழையில் நின்று எதிர்த்த கூட்டத்தில் கைதிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். கூலி குறைந்துவிடும் என்ற பயம். பழைய கைதிகளுக்காக வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த், தாயே கைதியாக வந்தவர்தான், 1853-ல் இங்கே ஒரு பரம்பரைப் பிரபு சபை வேண்டும் என்றார். அதை ‘பன்யிப் பிரபுக்கள்’ என்று, நம்மூர்க் கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரியான ஒரு சதுப்பு நிலப் பூதத்தின் பேரைச் சொல்லி, சிரிக்கச் சிரிக்கக் கிழித்தவர் டேனியல் டெனிஹி. அவருடைய பெற்றோரும் அயர்லாந்திலிருந்து கைதிகளாக வந்தவர்கள்.

ரூஸ் கதையை விட்ட இடத்தில் முடித்துவிடுகிறேன். விற்ற பிறகு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் வேறு நிலம் எடுத்தார். கடைசிக் காலத்தில் இன்னொருவர் பண்ணையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து 1837-ல் இறந்தார். கேம்பெல்டவுனில் அடக்கம். கல்லறைக் கல்லைத் தானே செதுக்கி வைத்துக்கொண்டார் என்பார்கள். எழுத்துப்பிழை வரிக்கு இரண்டு. கார்ன்வால்காரன், முதல் கப்பல் கூட்டத்தில் வந்தவன், தாய் பாசமாக வளர்த்தாள், இந்தக் காலனியில் முதல் தானியம் விதைத்தது நான் என்று இருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அரசுப் பண்ணையில் அவருக்கு முன்பே விதைத்தார்கள், சரியாக விளையவில்லை. கைதி என்றோ குடியேறி என்றோ கல்லில் எங்கும் இல்லை. அந்த இரண்டு கடிகாரத்தைப் பற்றியும் இல்லை.